விண்வெளி நிலையத்தில் யார்மேல், எப்போது, எவ்வளவு கை வைக்கலாம்?

அக்கா மகன் போன மாதம் மதுரை திருநகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தபோது முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். இணையத்தில் அவன் விளையாடும் விளையாட்டில் ஒரு விண்வெளி நிலையம் வருகிறது. ஐம்பது அறுபது பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்களாம். ஒருவர் டாக்டர், ஒருவர் சமையல்காரர், ஒருவர் இன்ஜினியர், ஒருவர் தரை துடைப்பவர். இவனுக்குப் பிடித்தது பாதுகாப்பு அதிகாரி வேலை. அந்த வேலையிலிருந்து இவனை ஒரு மாதத்துக்கு நீக்கிவிட்டார்களாம்.

"டூல்ஸ் ரூம்ல புகுந்து திருடினவனப் பிடிச்சேன் மாமா. அது தப்பா?"

"பிடிச்சதுக்கா மாப்ள நீக்குனாங்க?"

"கொஞ்சம் அடிச்சேன்."

ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம் என்று பத்து வருடத்துக்கு மேல் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தவன் நான். 'கொஞ்சம்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அப்போதைக்கு அதைத் தோண்டவில்லை. அன்று ராத்திரி மொட்டை மாடியில் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். விண்வெளி பற்றியோ சட்டம் பற்றியோ எதுவும் தெரியாதவர்களும் படிக்கலாம்.

முதலில் நிஜத்தைப் பார்த்துவிடுவோம். பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் செக்யூரிட்டி என்று யாரும் கிடையாது. வழக்கமாக ஏழு பேர் இருப்பார்கள். விஞ்ஞானி, எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஒருவருக்கொருவர் முடிவெட்டிவிடுபவர் எல்லாம் அந்த ஏழு பேர்தான். லத்தியும் இல்லை, லாக்கப்பும் இல்லை. ஆனால் விதி உண்டு.

1998 ஜனவரியில் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கனடா, ஐரோப்பிய நாடுகள் என்று 15 நாடுகள் இந்த நிலையத்துக்காக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் அடிப்படையில் 2000-இல் அங்கே போகிறவர்களுக்கான நடத்தை விதிகள் வந்தன. அந்த விதிகளின்படி நிலையத்தில் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு கமாண்டருடையது. அந்த வேலைக்கு நியாயமான, அவசியமான வழிகளை அவர் கையாளலாம். அப்புறம்தான் நமக்கு வேண்டிய பகுதி வருகிறது. அங்கே இருப்பவர்களின் உடனடிப் பாதுகாப்புக்கு அவசியப்பட்டால், தக்க அளவில் உடல் பலத்தைப் பயன்படுத்தவோ ஒருவரைக் கட்டிப்போடவோ கமாண்டருக்கு அதிகாரம் உண்டு.

உடனடி, அவசியம், தக்க அளவு. இந்த மூன்று சொற்களையும் பிடித்துக்கொண்டால் போதும். பாக்கி எல்லாம் இவற்றுக்கு உரைதான். 1990-இல் ஹவானாவில் நடந்த ஐ.நா. மாநாடு காவல் துறையினருக்கு வகுத்த பலப்பிரயோகக் கோட்பாடுகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. என் மருமகன் விளையாடும் இடத்தின் விதிப் பக்கத்தையும் வாங்கிப் பார்த்தேன். பச்சை, நீலம், சிவப்பு என்று எச்சரிக்கை நிலைகள், எந்த நிலையில் எந்த ஆயுதம் எடுக்கலாம் என்று ஒரு பெரிய பட்டியல். யாரோ பொறுப்பாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். பாதிக் கம்பெனிகளில் செக்யூரிட்டிக்கு இவ்வளவு தெளிவாக எழுதித் தருவதில்லை.

'உடனடி' என்பதைப் புரிந்துகொள்ள வானத்துக்குப் போக வேண்டாம். தெற்கு மாசி வீதிப் பக்கம் போனால் போதும். அங்கே ஒரு ஜவுளிக்கடையில் நான் வேலை பார்த்த காலம். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கால் வைக்க இடமில்லாத கூட்டம். இருபது வயசுப் பையன் ஒருவன் இரண்டு சுங்குடிச் சேலையைப் பைக்குள் திணித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டான். வாசலில் நின்ற எங்கள் ஆள் கபடி விளையாடிய உடம்புக்காரர். "நில்லுடா" என்றார். பையன் நின்றான். பையை மேஜைமேல் வைத்தான். இரண்டு கையையும் தூக்கினான். அதற்கப்புறம் எங்கள் ஆள் அவன் வலது கையைப் பிடித்து முதுகுப் பக்கம் முறுக்கினார். முருங்கைக் கொப்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். அவ்வளவு கூட்ட இரைச்சலிலும் அது எனக்குக் கேட்டது.

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். இரண்டு சேலையும் சேர்த்து 1,300 ரூபாய். மாவுக்கட்டு, கேஸ், வக்கீல் என்று அதற்கப்புறம் ஆனதைக் கணக்குப் பார்க்க முதலாளிக்கே பிடிக்கவில்லை.

எங்கள் ஆள் கெட்டவர் இல்லை. அவர் கணக்கில் திருடன் திருடன்தான். பையன் பையை மேஜைமேல் வைத்த நொடியில் ஆபத்து முடிந்துவிட்டது என்பது அவருக்கு உறைக்கவில்லை. அந்த நொடிவரை கை வைக்கக் காரணம் இருந்தது. அதற்கப்புறம் வைத்த கைக்குக் கோபம் மட்டும்தான் காரணம். இன்றைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டு, முதல் தடவை, பொருளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் தண்டனையே சமூக சேவைதான். நீதிமன்றமே எலும்பில் கை வைக்காத குற்றத்துக்கு வாசலில் நிற்பவர் வைக்க முடியுமா?

சரி, செக்யூரிட்டிக்கு உண்மையில் என்ன அதிகாரம்? சீருடை போட்டிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு சாதாரணக் குடிமகன். தன் கண் எதிரே ஜாமீனில் வர முடியாத கடுமையான குற்றம் நடந்தால் எந்தக் குடிமகனும் ஆளைப் பிடித்து வைக்கலாம். தேவையில்லாமல் தாமதிக்காமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைத்துவிட வேண்டும். அதுபோக தற்காப்பு உரிமை. அதற்கும் ஒரு கடிவாளம் உண்டு. காத்துக்கொள்ளத் தேவையானதைவிட அதிகமான காயத்தை உண்டாக்கக் கூடாது. போலீஸை அழைக்க அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. அவ்வளவுதான். 'நாலு சாத்து சாத்தி அனுப்பு' என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

இரண்டாவது சொல் 'அவசியம்'. வாயால் முடிகிற காரியத்துக்குக் கை எதற்கு? வேலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது நிற்கும் விதத்தைத்தான். வாசலில் ஓர் ஆள் நிமிர்ந்து நின்று வருகிறவர் முகத்தைப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அப்புறம் குரல். "டேய்" என்று தொடங்கினால் சண்டை, "தம்பி, ஒரு நிமிஷம் இப்படி வாங்க" என்று தொடங்கினால் பேச்சு. அதற்கும் அடங்காவிட்டால் தோளில் கை, அதற்கும் மேலே பிடித்து அடக்குவது. ஏணி மாதிரி ஒவ்வொரு படியாக ஏறுவதுதான் முறை. கத்தியோடு பாய்கிறவனிடம் "தம்பி, இப்படி வாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது, அங்கே படி தாண்டலாம். ஆனால் ஏறத் தெரிந்தவனுக்கு இறங்கவும் தெரிந்திருக்க வேண்டும். எதிராளி ஒரு படி இறங்கினால் நீயும் இறங்கு. பயிற்சியில் இந்த இரண்டாம் பாதியை யாரும் சொல்லித் தருவதில்லை. சேலைக் கடையில் நடந்தது அதனால்தான்.

மூன்றாவது சொல்லான 'தக்க அளவு' வானத்துக்குப் போனதும் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. லத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். மிதக்கும் ஒருவர் லத்தியைச் சுழற்றினால் அவர் உடம்பு எதிர்த்திசையில் திரும்பும். அடி விழுந்தால் அடிபட்டவர் ஒரு பக்கம் போவார், அடித்தவர் இன்னொரு பக்கம் போய்ச் சுவரில் இருக்கும் ஏதாவது கருவிமேல் முட்டுவார். கீழே தள்ளி அமுக்கவும் முடியாது, 'கீழே' என்று ஒன்று இருந்தால்தானே! நாம் தரையில் ஆளை அடக்குவதெல்லாம் நம் எடையை நம்பித்தான். அங்கே காலைச் சுவரில் உள்ள கைப்பிடிக் கம்பியில் கொக்கிபோல மாட்டிக்கொண்டு, இரண்டு மூன்று பேர் சேர்ந்து பிடித்தால்தான் உண்டு.

துப்பாக்கி விஷயத்தைக் கேட்டதும் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். விண்வெளிக்குத் துப்பாக்கி போயிருக்கிறது. 1965 மார்ச்சில் லியோனோவும் பெல்யாயெவும் போன சோவியத் விண்கலம் இடம் தவறி யூரல் மலைப் பக்கம் பனிக் காட்டில் இறங்கியது. கரடி, ஓநாய் உலவும் இடம். அந்த அனுபவத்துக்குப் பிறகு, 1980-களின் நடுவிலிருந்து சோயுஸ் கலங்களின் அவசரப் பெட்டியில் மூன்று குழல் கொண்ட ஒரு கைத்துப்பாக்கி வைத்தார்கள். அது தரையிறங்கிய பிறகு எடுப்பதற்கு. 1974-இல் ஏவிய சல்யூத்-3 நிலையத்தில் ஒரு பீரங்கியே பொருத்தியிருந்தார்கள். அதையும் ஆட்கள் எல்லோரும் இறங்கிப் போன பிறகு பூமியிலிருந்து இயக்கித்தான் சுட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஆள் இருக்கும்போது சுடுவதை அவர்களே விரும்பவில்லை.

ஏன் என்று 2018 ஆகஸ்டில் நடந்ததைப் பார்த்தால் புரியும். நிலையத்தில் காற்றழுத்தம் மெல்லக் குறைவதாகத் தரைக்கட்டுப்பாட்டு மையம் கண்டுபிடித்தது. ஒவ்வொரு பகுதியாக மூடித் தேடியதில், இணைந்து நின்ற சோயுஸ் கலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் ஓட்டை. முதலில் டேப் ஒட்டி, அப்புறம் எபாக்சி பசை வைத்து அடைத்தார்கள். படங்களில் வருவதுபோல ஆட்களை வெளியே உறிஞ்சவில்லை. ஆனாலும் பனியாரக் கம்பி முனை அளவுள்ள ஓட்டைக்கு அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுத் தேட வேண்டியிருந்தது. துப்பாக்கிக் குண்டு அதைவிடப் பெரிய ஓட்டை போடும். சுவருக்கு முன்னால் ஓடும் மின்கம்பி, குளிரூட்டும் குழாய் இவற்றையும் சேர்த்துக் கிழிக்கும். ஒருவனை நிறுத்தப் போய் ஏழு பேரின் உயிரையும் பணயம் வைப்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலை.

மிளகுத் தூள் ஸ்ப்ரேயும் இதே கதைதான். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அடித்தால் காற்றில் கலைந்துவிடும். நிலையத்தில் சன்னலைத் திறக்க முடியாது. ஒரே காற்றைத்தான் மின்விசிறிகள் திரும்பத் திரும்பச் சுற்றி அனுப்புகின்றன. அடித்தவர் கண்ணும் சேர்ந்து எரியும்.

அப்படியானால் அங்கே உண்மையில் என்னதான் செய்வார்கள்? ஒருவருக்குத் திடீரென்று மனநிலை தடுமாறித் தனக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்தாக மாறிவிட்டால் என்ன செய்வது என்று நாசா எழுதி வைத்த நடைமுறை 2007-இல் செய்திகளில் வந்தது. மணிக்கட்டையும் கணுக்காலையும் டக்ட் டேப்பால் சுற்ற வேண்டும். இழுபடும் ரப்பர் கயிற்றால் ஆளை ஓரிடத்தில் கட்ட வேண்டும். தேவைப்பட்டால் அமைதிப்படுத்தும் ஊசி. இவ்வளவுதான் ஆயுதம்: ஒட்டும் டேப், கயிறு, ஊசி. அதில் எனக்குப் பிடித்தது, கட்டும்போது அவரிடம் பேசிக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கும் இடம். என்ன செய்கிறோம், உங்கள் பாதுகாப்புக்காகத்தான் செய்கிறோம் என்று விளக்கிக்கொண்டே கட்ட வேண்டும். அந்த ஆளை அவர்கள் நோயாளி என்றுதான் குறிப்பிடுகிறார்கள். நாளைக்கு அவர் தெளிந்து எழுந்து அதே ஆறு பேரோடு சாப்பிட வேண்டுமே!

கட்டியதோடு வேலை முடியவில்லை, பொறுப்பு அங்கேதான் கூடுகிறது. எடையற்ற நிலையில் சூடான காற்று மேலே எழுவதில்லை. மின்விசிறிக் காற்று படாத மூலையில் ஒருவர் அசையாமல் கிடந்தால், அவர் விட்ட மூச்சுக் காற்றே முகத்தைச் சுற்றித் தேங்கி நிற்கும். அதனால்தான் தூங்கும் அறைகளில்கூடக் காற்றோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். கட்டுண்டவர் நகர்ந்துகொள்ள முடியாது. அவரைக் காற்று வரும் இடத்தில் கட்டுவதும், வாந்தி வந்தால் கவனிப்பதும், டேப் இறுக்கி விரல் நீலம் பாய்கிறதா என்று பார்ப்பதும் கட்டியவர் வேலை. தரையிலும் இதேதான். குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை ஊன்றினால் மூச்சு நிற்கும் என்பதை எங்கள் தொழிலில் நிறையப் பேர் இன்னும் அறியவில்லை.

பிடிபட்டவன் பிடித்தவனின் பொறுப்பு என்பதை மதுரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டு போகப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது, இங்கே ஒத்தக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளைதான் தானாக முன்வந்து அந்த வழக்கைக் கையில் எடுத்தது. விசாரணையும் மதுரை நீதிமன்றத்தில்தான் நடந்தது. விலங்கு மாட்டுவதைப் பற்றிக்கூட 1980-இலேயே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் கடுமையாக எழுதினார்: தப்பி ஓடுவார் என்பதற்குத் தகுந்த காரணம் இல்லாமல், வழக்கம் என்பதற்காக மாட்டக் கூடாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சில கடுமையான குற்றங்களுக்கு விலங்கை அனுமதிக்கிறது. ஆனால் தப்பிப்பதைத் தடுக்கத் தேவையானதைவிட அதிகமாகக் கட்டுப்படுத்தக் கூடாது என்ற பழைய விதியும் அதே சட்டத்தில் அப்படியே இருக்கிறது.

"சரி மாமா, அங்க ஒருத்தன் அடிச்சா எந்த ஸ்டேஷன்ல கேஸ் குடுக்குறது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. 1998 ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவு இதற்குத்தான். குற்றம் செய்தவர் எந்த நாட்டுக்காரரோ அந்த நாட்டின் குற்றவியல் சட்டம்தான் முதலில் பாயும். அடிபட்டவர் வேறு நாட்டுக்காரர் என்றால் இரண்டு நாடுகளும் பேச வேண்டும். குற்றவாளியின் நாடு ஒப்புக்கொண்டாலோ, வழக்கு நடத்துவதாக உறுதி தராவிட்டாலோ, பாதிக்கப்பட்ட நாடு வழக்கை நடத்தலாம். இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா அங்கே போய் ஜூலை நடுவில் திரும்பினாரே, அவர் கூடவே நம் சட்டமும் போயிருந்தது. இந்தியக் குடிமகன் இந்தியாவுக்கு வெளியே எந்த இடத்தில் குற்றம் செய்தாலும் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும் என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. 2035-க்குள் இந்தியாவுக்கென்று தனி நிலையம் அமைப்பதாகத் திட்டம் இருக்கிறது. அதற்கு நடத்தை விதி எழுதப் போகிறவர்களுக்கு இந்த வேலை காத்திருக்கிறது.

கடைசியாக அவன் கேட்பான் என்று நான் எதிர்பார்த்ததையே கேட்டான். ஒருவன் வெளிக்கதவைத் திறந்து எல்லோரையும் கொல்லப் போகிறான். அப்பவும் டேப்தானா?

உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது உயிரை எடுக்கும் அளவுக்குப் பலம் பயன்படுத்துவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் 'வேறு வழியே இல்லை' என்பதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். கதவையே பாருங்கள். உள்ளே நம் கடற்கரையில் இருக்கிற அளவுக்குக் காற்றழுத்தம், வெளியே ஒன்றுமில்லை. ஒரு சதுர மீட்டர் கதவின்மேல் அந்தக் காற்று ஏறக்குறைய 10 டன் எடைக்குச் சமமாக அழுத்துகிறது. உள்பக்கமாகத் திறக்கும் கதவு என்றால் எந்தப் பயில்வானாலும் இழுத்துத் திறக்க முடியாது. காற்றை வெளியேற்றும் வால்வைத் திருகலாம். அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் இரண்டு பேர் போய் அவன் கையைப் பிடிக்கலாம், நடுவில் உள்ள இன்னொரு கதவைச் சாத்தலாம். அமெரிக்காவின் ஷட்டில் விண்கலங்கள் பறந்த காலத்தில் ஒரு பயணியின் மனநிலை பற்றிச் சந்தேகம் வந்து, கதவின் கைப்பிடிக்கே ஒரு பூட்டு போட்டிருக்கிறார்கள். யாரையும் தொடவில்லை. நல்ல செக்யூரிட்டி செய்கிற வேலை அது. பிரச்சினை வருவதற்கு முன்னாலேயே பூட்டைத் தேடிப் போவது.

மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. கீழே அக்கா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். எழுந்திருக்கும்போதுதான் கேட்டேன்: "அவன் எப்ப மாப்ள கையத் தூக்குனான்?"

பையன் வானத்தைப் பார்த்தான். "மொத அடியிலயே."

"மொத்தம் எத்தன அடி?"

"...ஆறு."

மறுநாள் காலையில் இட்லியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த விளையாட்டை நடத்துகிறவர்களுக்கு மனு தட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். அதில் 'கொஞ்சம்' இல்லை, ஆறு என்று எண்ணிலேயே போட்டிருந்தான்.